பெயர் சொல்லவில்லை

மார்ச் 3

அன்புள்ள தங்கைக்கு,

ஓய்வூதியக் குழுவின் பொதுக்கூட்டத்தில் நான் எழுந்து உன் பெயரைச் சொன்னதாக நம் சொந்தக்காரர்களிடையே ஒரு பேச்சு சுற்றுகிறது. அது தவறு. நான் யார் பெயரையும் சொல்லவில்லை. "எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி" என்றுதான் சொன்னேன். நம் சித்தி மகள், அந்தப் பேங்க்காரி, "அக்கா மைக்கைப் பிடிச்சுக்கிட்டு தங்கச்சியைக் கிழிகிழின்னு கிழிச்சிட்டாங்க" என்று வீடு வீடாகப் போன் போட்டிருக்கிறாள். நான் மைக்கைப் பிடிக்கவே இல்லை. அது ஸ்டாண்டில் இருந்தது.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நகராட்சி மண்டபத்தில் கூட்டம். குழுவின் தலைவி சின்னப் பெண். என் மகளாக இருக்கலாம், எனக்கு மகள் இருந்திருந்தால். திரையில் ஒரு படம் போட்டாள். முன்பு ஓய்வூதியம் வாங்கும் ஒருவருக்கு உழைப்பவர்கள் ஐந்து பேர் இருந்தார்களாம். இப்போது இரண்டே பேர். இப்படியே போனால், இன்று வேலைக்குச் சேருகிறவர்களுக்கு வயதாகும்போது நிதியில் ஒன்றும் இருக்காதாம். பின்வரிசையிலிருந்து, வீடு வீடாகப் பார்சல் கொடுக்கும் ஓர் இளைஞன் சீருடையோடு எழுந்தான்.

"அப்போ மாசாமாசம் என் சம்பளத்துல பிடிக்கிறீங்களே, அது யாருக்கு?"

"எங்களுக்குத்தான் தம்பி," என்றார் முன்வரிசைக் கிழவர். "நாங்க கட்டினது எங்க அப்பனுங்களுக்குப் போச்சு. கோவிச்சுக்காத."

எல்லாரும் சிரித்தார்கள். அந்த இளைஞன் சிரிக்கவில்லை. நானும்தான்.

எங்கே சிக்கனம் செய்யலாம் என்று தலைவி கேட்டாள். நான் எழுந்தேன். கணவனை இழந்தவள் மறுமணம் செய்துகொண்டால் அவளுடைய குடும்ப ஓய்வூதியம் நின்றுவிடும் என்பது சட்டம். அதனால் சிலர் மணம் செய்துகொள்ளாமலே ஓர் ஆணோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்துகொண்டு ஓய்வூதியத்தையும் வாங்குகிறார்கள். தனியாக, முறையாக வாழும் என்னைப் போன்றவர்களும் அதையேதான் வாங்குகிறோம். இது நிதிக்கு நட்டம். இவ்வளவுதான் நான் சொன்னது. இது கொள்கை.

உன் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? மாத்திரையைக் காலையிலேயே போட்டுவிடு. எனக்கு முழங்கால் தவிர மற்றதெல்லாம் சுகம். போன் செய்யாதே. போனில் நீ பாதி நேரம் சிரிக்கிறாய். பின்னால் இன்னொரு சிரிப்பும் கேட்கிறது. சிரிப்புக்கு நான் என்ன பதில் சொல்வது? எழுது.

உன் அக்கா

*

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

என் ரத்த அழுத்தம் நன்றாகத்தான் இருந்தது, டிவியில் வந்த அந்தக் கூட்ட வீடியோவைப் பார்க்கும்வரை. உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

நீ என் பெயரைச் சொல்லவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு அடுத்த வரியைக் கடிதத்தில் விட்டுவிட்டாயே! "அந்தப் பெண்மணி ஓய்வு பெற்ற ஒரு லிப்ட் மெக்கானிக்குடன் வசிக்கிறார்" என்று சொன்னாய். அக்கா, எங்கள் ஊரில் லிப்ட் வைத்த கட்டடங்களையே ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். ஓய்வு பெற்ற லிப்ட் மெக்கானிக்குகள் இங்கே படையாகத் திரிகிறார்கள் என்று நினைத்தாயா?

மருந்துக் கடையில் இருக்கும் பெண் அவரைப் பார்த்து, "மெக்கானிக் சார், டிவியில வந்துட்டீங்க போல" என்றாளாம். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லிச் சிரித்தார். "காலம் பூரா ஜனங்களை மாடிக்கு ஏத்திவிட்டேன். ஒருத்தரும் என்னைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. உங்க அக்காதான் பேசியிருக்காங்க" என்றார். ஆனால் சாப்பிட்டபின், தட்டைக் கழுவி வைத்துவிட்டு, காய்ந்த தட்டை மறுபடியும் மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை

*

மார்ச் 23

அன்புள்ள தங்கைக்கு,

நலம். ஒத்தடம் கொடுத்தேன், பலன் சுமார்.

விவரம் இல்லாமல் ஒன்றைச் சொன்னால் அது வதந்தி. விவரத்தோடு சொன்னால்தான் சாட்சியம். கான்வென்ட்டில் மதர் எங்களுக்கு இதைத்தான் கற்றுக்கொடுத்தார். அதனால்தான் தொழிலைச் சொன்னேன். "ஒருவருடன்" என்று மொட்டையாகச் சொல்லியிருந்தால் தலைவி அதைக் குறித்துக்கொண்டிருக்க மாட்டாள். குறித்துக்கொண்டாள்; நான் பார்த்தேன்.

அவர் தட்டுக் கழுவுகிறார் என்பது எனக்குப் புதிய செய்தி. தினமுமா, அல்லது அன்று மட்டுமா? காலை உணவுக்கும் இருக்கிறாரா? விவரத்துக்காகக் கேட்கிறேன். உன் அத்தான் தணிக்கைத் துறையில் எவ்வளவு பெரிய அதிகாரி என்பது உனக்குத் தெரியும். எங்கள் வீட்டுச் சமையலறை விளக்கின் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. அது அவருடைய கண்ணியம்.

பேங்க்காரி ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். நீங்கள் இருவரும் பால்கனியில் உட்கார்ந்திருப்பது. உனக்கு முடி கொட்டியிருக்கும் என்று நினைத்தேன். இல்லை, நன்றாகவே இருக்கிறது. நீ சாய்ந்திருக்கும் நாற்காலியின் முதுகில் அவர் கை ஏன் இருக்கிறது? நாற்காலி ஆடுகிறதா?

இங்கே ஐந்து அறைகளும் அப்படியேதான் இருக்கின்றன. குளியலறைக் குழாய் சொட்டுகிறது. ஆள் வருவதாகச் சொன்னான், வரவில்லை.

பதில் போடு. உப்பைக் குறை.

உன் அக்கா

*

ஏப்ரல் 28

அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பதில் எழுத நாளாகிவிட்டது. எழுத உட்காரும்போதெல்லாம் எழுந்துபோய்விட்டேன்.

அவர் வீட்டைவிட்டுப் போய்விட்டார். சலவைக் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்திருக்கிறார். நடந்தது இதுதான். பக்கத்து வீட்டம்மா வந்து, "அரசாங்கத்துல இருந்து வரப்போறாங்களாம். வாசல்ல எத்தனை ஜோடி செருப்பு, குளியலறையில எத்தனை டூத்பிரஷ்னு பார்த்து எழுதிக்கிட்டுப் போவாங்களாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் எங்கே கேட்டாளோ தெரியாது. அடுத்த நாள் அவர் பெட்டியைக் கட்டினார்.

"எதுக்கு?" என்றேன்.

"நான் இங்க இருந்தா உன் பென்ஷன் போயிடும். பென்ஷன் போனா மருந்து போயிடும். நான் போனா, நான் மட்டும்தானே போறேன்."

"எது போனாப் பரவாயில்லன்னு என்னைக் கேட்டீங்களா?"

"உன்னைக் கேட்டா நீ தப்பாச் சொல்லுவ," என்றார்.

அவர் பேச்சில் பிழை இல்லை, அதுதான் கஷ்டம். அவர் வேலை பார்த்ததெல்லாம் ஒப்பந்தக்காரர்களிடம். அவருக்கு வருவது ஓர் ஆளுக்கே போதாது. என் வீட்டுக்காரர் தபால் வண்டி ஓட்டிச் சம்பாதித்துக் கொடுத்துவிட்டுப் போன ஓய்வூதியம்தான் இந்த வீட்டு வாடகை, என் மருந்து, எல்லாம். கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று அவர் கேட்காத வருஷம் இல்லை. ஒவ்வொரு தடவையும் நாங்கள் பேசிப் பேசி இந்த இடத்தில்தான் வந்து நிற்போம்.

முகச்சவரக் கண்ணாடியை எடுத்துப்போக மறந்துவிட்டார். அவர் உயரத்துக்கு மாட்டியது. அதில் எனக்கு என் நெற்றி மட்டும்தான் தெரிகிறது.

உன் குழாயை யாரிடமாவது சொல்லிச் சரிசெய்.

தங்கை

*

மே 3

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று எழுதவில்லை. அதை முதலில் எழுது.

நடந்தது நல்லதற்கே என்று எடுத்துக்கொள். சட்டத்துக்குப் பயந்து போனவர், போகக்கூடியவர்தான். உன் அத்தான் ஒருநாளும் வீட்டைவிட்டு எங்கும் போனதில்லை. சுற்றுப்பயணம் போனாலும் சொன்ன நாளில் திரும்பிவிடுவார்.

ஒரு யோசனை. அந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே வந்துவிடு. முன்னறையை உனக்கு ஒழித்துத் தருகிறேன். காலை வெயில் அங்கேதான் வரும். அலமாரியில் பாதி காலி. காலையில் நான் செய்தித்தாளைப் படித்து முடித்தபின் நீ எடுத்துக்கொள்ளலாம். மாலையில் வானொலி. மருத்துவமனை நடந்துபோகும் தூரம்தான். வாடகை மிச்சமானால் உன் மருந்துக்குத் தாராளமாகப் போதும். நாம் இருவரும் இப்போது ஒரே நிலையில் இருக்கிறோம். ஒரே கூரையின் கீழ் இருப்பதுதான் முறை.

மெத்தையை வெயிலில் போட்டுவிட்டேன். எப்போது வருகிறாய் என்று எழுது.

உன் அக்கா

*

மே 19

அக்கா,

சாப்பிடுகிறேன். தூக்கம் குறைவு.

"ஒரே நிலையில் இருக்கிறோம்" என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில் உன் கையெழுத்து மிக அழகாக விழுந்திருக்கிறது. அதற்காகத்தானா, அக்கா? இதற்கு நிதி, கொள்கை, நட்டம் என்று அவ்வளவு சுற்றிவர வேண்டுமா?

ஒன்று சொல்கிறேன். அப்பாவால் ஒருத்திக்குத்தான் கான்வென்ட்டுக்குக் கட்ட முடிந்தது. நீ கான்வென்ட்டுக்குப் போனாய். உன் பழைய சீருடையின் கரையை மடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு நான் நகராட்சிப் பள்ளிக்குப் போனேன். உன் ஆங்கிலத்தைப் பார்த்து எனக்குப் பொறாமை. உனக்கு அதிகாரி மாப்பிள்ளை வந்ததும் பொறாமை. உன் ஐந்து அறைகளைப் பார்த்துப் பல வருஷம் பொறாமை. பிறகு ஒருநாள் பார்த்தால் அது போயிருந்தது. எப்போது போனதென்றே தெரியவில்லை. சின்ன வயதில் வந்து போகிற அம்மை மாதிரி. உனக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. வயதான பிறகு வந்தால் கடுமையாகத்தான் இருக்கும் என்கிறார்கள்.

நான் அங்கே வரவில்லை. நானாக எழுதும்வரை நீ எழுதாதே. முழங்காலைப் பார்த்துக்கொள்.

தங்கை

*

மே 26

ஓய்வூதிய நிதி ஆய்வுக் குழுவின் தலைவி அவர்களுக்கு,

வணக்கம். நகராட்சி மண்டபக் கூட்டத்தில் பேசிய முதியவள் நான். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். அன்று உங்களுக்கு இருமல் இருந்தது.

என் பேச்சைக் குறித்து ஒரு விளக்கம் பதிவு செய்யப்பட வேண்டும். ஒரு குறிப்பிட்ட பெண்மணியைப் பற்றி நான் புகார் செய்ததாகச் சிலர் சொல்லி வருகிறார்கள். அது தவறு. ஒரு லிப்ட் மெக்கானிக்கை நான் உதாரணமாக மட்டுமே குறிப்பிட்டேன். அவரையோ வேறு யாரையோ தேடிச் செல்லும்படி நான் கேட்கவில்லை. அப்படிச் சென்றால் அது என் பேச்சைத் தவறாகப் புரிந்துகொண்டதாகும்.

இது எங்கும் உள்ள வழக்கம். என் தெருவிலேயே இப்படி மூன்று வீடுகள் உண்டு. எதிர் வீட்டு அம்மாளும் அவருடன் இருப்பவரும் ஒரு குடையின் கீழ் கடைக்குப் போகிறார்கள். மழை இல்லாத நாட்களிலும் போகிறார்கள். என் ஜன்னல் வழியே இது நன்றாகத் தெரியும். இவர்களில் யாரும் ஓய்வூதியத்தை இழக்கவில்லை. ஏனெனில் யாரும் மணம் செய்துகொள்ளவில்லை. மணம் செய்துகொண்டு ஓய்வூதியத்தை விட்டுக்கொடுத்தவர் ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. ஆகவே, இந்தச் சட்டம் நிறுத்திவைத்திருப்பது திருமணங்களை மட்டுமே, செலவை அல்ல.

நான் சொல்ல வந்தது இதுதான். ஒரு தனிப்பட்ட பெண்ணைப் பற்றியது அல்ல. இதை என் முந்தைய பேச்சோடு சேர்த்து வைக்கவும். கிடைத்ததற்கு ஒப்புகை அனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கணவரை இழந்த ஓய்வூதியதாரர்

*

ஜூலை 14

அன்புள்ள தங்கைக்கு,

எழுதாதே என்று சொன்னாய். இது கடிதம் அல்ல, நல விசாரணை. மழைக்காலத்தில் உனக்கு மூச்சு இழுக்குமே, இந்த வருடம் எப்படி?

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. எதிர் வீட்டார் புதுக் குடை வாங்கியிருக்கிறார்கள், முன்னதைவிடப் பெரியது. குழாய்க்காரன் வந்தான். சொட்டுவது நின்றதும் வீடு மிகவும் அமைதியாகிவிட்டது. அவனைக் கூப்பிட்டிருக்க வேண்டாம்.

அந்தக் கண்ணாடியை உன் உயரத்துக்கு இறக்கி மாட்டினாயா? மாட்டவில்லை என்றால் வேண்டாம், இருக்கட்டும்.

அக்கா

*

செப்டம்பர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

மூச்சு பரவாயில்லை. உன் ஜூலைக் கடிதம் வந்தது. பதில் போடாதது வேண்டுமென்றுதான்.

குழுவின் அறிக்கை வெளிவந்துவிட்டது, நீயும் படித்திருப்பாய். அரசாங்கமும் ஏற்றுக்கொண்டுவிட்டது. மறுமணம் செய்தால் குடும்ப ஓய்வூதியம் நிற்கும் என்ற விதியை எடுத்துவிட்டார்கள். அந்த விதியால் நிதிக்கு ஒன்றும் மிச்சமாகவில்லையாம். அதை விளக்குகிற இடத்தில் இப்படிப் போட்டிருக்கிறார்கள்: "கூட்டத்தில் பேசிய முதிய பெண்மணி ஒருவர் பின்னர் எழுத்தில் தெரிவித்ததுபோல, இந்தச் சட்டம் நிறுத்திவைத்திருப்பது திருமணங்களை மட்டுமே, செலவை அல்ல."

அக்கா, நான் அதைச் சத்தமாகப் படித்தேன். பாதி படிக்கும்போதே எனக்கு உன் குரல் கேட்டுவிட்டது. முதிய பெண்மணிகள் எத்தனையோ பேர் பேசியிருப்பார்கள். பேசியது போதாதென்று வீட்டுக்குப் போய் விளக்கம் எழுதி அனுப்புகிறவர் வேறு யார்?

அறிக்கையை எடுத்துக்கொண்டு சலவைக் கடை மாடிக்கு ஓடினேன். ஓடினேன் என்றால், ஒவ்வொரு படியிலும் நின்று நின்று. அவர் கதவைத் திறந்து, "மூச்சு இப்படி வாங்குதே, லிப்ட் இல்லாத கட்டடத்துல உனக்கு என்ன வேலை?" என்று திட்டினார். படித்துக் காட்டினேன். கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"லிப்டுல மாட்டிக்கிட்டவங்களை வெளிய எடுக்கிறது என் பொழப்பு. என்னை வெளிய எடுத்தது உங்க அக்கா. இதை எப்படி நான் தாங்கறது?"

"மாட்டிவிட்டதும் அவங்கதானே?" என்றேன்.

"அதனாலதான் எங்க மாட்டியிருக்குன்னு அவங்களுக்குச் சரியாத் தெரிஞ்சிருக்கு!"

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. நிதி நீடிக்க வேண்டும் என்பதற்காக, ஒரு வரம்புக்கு மேல் ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கு ஆண்டு உயர்வை நிறுத்திவைக்கிறார்கள். அத்தான் அதிகாரி, உன்னுடையது வரம்புக்கு மேலே. என்னுடையது கீழே. எனக்கு ஏறும், உனக்கு ஏறாது. இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

அக்டோபர் ஒன்பதாம் தேதி, காலை, பதிவு அலுவலகம். சாட்சிக் கையெழுத்துக்கு இன்னும் ஓர் ஆள் வேண்டும். நீ எங்களுக்காக அதை எழுதினாய் என்று எனக்குத் தெரியும், அக்கா. வா. அவரே வந்து கூட்டிவருகிறேன் என்கிறார்.

உன் தங்கை

*

செப்டம்பர் 15

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நீ இனிமேல் அந்தப் படிகளில் ஏற வேண்டியிருக்காது என்பதில் நிம்மதி.

உங்களுக்காக நான் எழுதினேன் என்று நினைக்கிறீர்கள். அது தவறு. என்னைப் பற்றி ஒரு தவறான பேச்சு இருந்தது. அதைத் திருத்த எழுதினேன். எழுத எழுத, வாதம் அந்த இடத்தில் போய் முடிந்தது. பாதியில் பார்த்தேன். வேறு இடத்தில் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. இதற்குமேல் அதைப் பற்றிக் கேட்காதே.

என் ஆண்டு உயர்வு நின்றதைக் குறித்து நீ வருந்த வேண்டாம். பார்சல் கொடுக்கும் அந்த இளைஞனின் முகம் எனக்கு நினைவிருக்கிறது. எனக்கு மகன் இல்லை; ஆனாலும் எனக்கு மாதாமாதம் கட்டுகிறவன் அவன். அவனுக்கு வயதாகும்போது ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும் என்றால் எனக்கு நிற்பது நியாயம். அதை ஒப்புக்கொண்டுவிட்டேன். உனக்கு நிற்கவில்லை என்பதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. முயன்று வருகிறேன்.

உன் மே மாதக் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. அம்மை என்று எழுதியிருந்தாய். சொல் சரியாகத்தான் இருக்கிறது. எதிர் வீட்டார் குடையை விரித்தால் இப்போதெல்லாம் ஜன்னலை மூடிவிடுகிறேன். மூடினாலும் தெரிகிறது. நீ அவர் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போடுவதை நான் நேரில் பார்க்க வேண்டியிருக்கும். அது எனக்குச் சுலபமாக இருக்காது. ஆனாலும் வருவேன். என் கையெழுத்து அந்தப் பதிவேட்டில் தெளிவாக விழும்.

அவரை அனுப்பாதே. எனக்குப் பேருந்தில் வரத் தெரியும்.

ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டும். பதிவு மதியத்துக்குள் முடிந்துவிடும். இந்த ஊருக்குக் கடைசிப் பேருந்து மாலையில் இருக்கிறது. அதில் நான் திரும்பிவிட வேண்டுமா, அல்லது சில நாட்கள் உங்களோடு இருக்கலாமா? எத்தனை நாட்கள்? சின்னப் பெட்டியா பெரிய பெட்டியா என்று நான் முடிவு செய்ய வேண்டும். நீயாகச் சொல்லாதே, அவரையும் கேட்டுச் சொல். முடியாது என்றால் அதையும் அப்படியே எழுது, நான் தவறாக நினைக்க மாட்டேன்.

போன் செய்யாதே. எழுத்தில் பதில் போடு.

உன் அக்கா